டென்ஷனும் பிரஷரும் நெஞ்சுக்குள்ள சந்திக்கிற இடம்

மேட்ச் பார்த்துக்கொண்டு இருந்தவர் அப்பிடியே சாஞ்சிட்டார் எண்ட கதை திருகோணமலையில எந்தத் தேத்தண்ணிக் கடையில குந்தினாலும் எப்பயாவது ஒருக்கா காதில விழும், சொல்றவர் கடைசி ஓவர் வரைக்கும் விவரமா சொல்லிப்போட்டு "டென்ஷன்லதான் மச்சான் போனது" எண்டு முடிப்பார். இதைச் சும்மா கடைக்கதை எண்டு தள்ளவும் ஏலாது. 2006ல உலகக்கோப்பை புட்போல் ஜெர்மனியில நடக்கேக்க மியூனிக் பக்கத்து டொக்டர்மார் இதை எண்ணியே பார்த்தவை, ஜெர்மனி விளையாடின நாட்கள்ல இதய அவசரமா வந்த கேஸ் வழமையை விட 2.66 மடங்கு, அதுவும் மேட்ச் தொடங்கி முதல் 2 மணித்தியாலத்துக்குள்ளதான் கூட. ஆனா அதே ஆய்வுக்குள்ள தேத்தண்ணிக் கடையில யாரும் சொல்லாத ஒரு விசயமும் இருக்கு. ஏற்கனவே இதய வருத்தம் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு கூடினது கிட்டத்தட்ட 4 மடங்கு, அப்பிடி ஒண்டும் இல்லாதவைக்கு 2 மடங்கு. மேட்ச் ஒண்டுதான், பெனால்டியும் ஒண்டுதான், ஆனா உள்ளுக்க நெஞ்சு என்ன நிலையில இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் அடி விழுந்திருக்கு.

நான் எழுத வந்ததும் இதைத்தான். எங்கட ஊர்ல டென்ஷனையும் பிரஷரையும் ஒரே சாமானாத்தான் கதைக்கிறது. "யோசிச்சு யோசிச்சு பிரஷரை ஏத்திப்போட்டா" எண்டு ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லுவினம், அவவும் அதை நம்பி, மகன்ட விசா சரிவந்த உடனே இனி யோசனை இல்லத்தானே எண்டு குளிசையை விட்டுடுவா. இன்னொரு பக்கம் நெஞ்சு இடிக்குது, கை நடுங்குது, நித்திரை வருதில்ல எண்டு வாற பொடியனுக்கு "பிரஷர் நோர்மல்தான் தம்பி, ஒண்டுமில்ல" எண்டு சொல்லி அனுப்பினா அவன்ட பயத்தை யாரும் பாக்கிறதில்ல. ரெண்டும் பிழை. பயம் வேற, நிரந்தரமா நிக்கிற பிரஷர் வேற, ஆனா ரெண்டும் சந்திக்கிற இடம் ஒண்டு இருக்கு, அது இதயத்தின்ட இடது கீழறை. அங்க என்ன நடக்குது எண்டு விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

முதல்ல பயத்தைப் பாப்பம், அது நிமிசக் கணக்கு. சும்மா இருக்கேக்க இதயம் நிமிசத்துக்கு 70 தரம் மட்டில துடிச்சு 5 லீற்றர் அளவு ரத்தத்தைத் தள்ளும், ஒரு நாளைக்கு கணக்குப் போட்டா 1 லட்சம் துடிப்பு வரும். லோன்காரர் கேட்டடியில நிண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிடுறார் எண்டு வைங்க, மூளை உடனே நரம்பு வழியா கட்டளை அனுப்பும், கிட்னிக்கு மேல இருக்கிற சின்னச் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில விடும், இதயம் வேகமாவும் பலமாவும் அடிக்கத் தொடங்கும், தோல்லயும் குடல்லயும் இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் இறுகும். தள்ளுறது கூடுது, போற வழி ஒடுங்குது, அப்ப பிரஷர் ஏறாம என்ன செய்யும். கோட்டை வாசலால உள்ள போய் கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி நடந்தாலும் இதே துடிப்பு வரும்தான், ஆனா நடக்கேக்க கால் தசையில இருக்கிற குழாய்கள் விரிஞ்சு குடுக்கும், அதால பிரஷர் மெஷின் காட்டுற ரெண்டு இலக்கத்தில மேல் இலக்கம் (இதயம் சுருங்கேக்க உள்ள பிரஷர்) ஏறினாலும் கீழ் இலக்கம் (ஓய்வில உள்ள பிரஷர்) பெரிசா அசையாது. கதிரையில இருந்துகொண்டே பயப்படேக்க ரெண்டு இலக்கமும் சேர்ந்து ஏறும். அதாலதான் "நான் தினமும் நடக்கிறன், எனக்கு டென்ஷன் ஒண்டும் செய்யாது" எண்டு சொல்றவரை நான் முழுசா நம்புறதில்ல, நடை வேற, பயம் வேற.

எண்டாலும் இதைச் சொல்லாட்டி அநியாயம்: நல்ல இதயம் இந்த ஏத்தத்தைத் தாங்கும். பேனிக் எண்டு சொல்ற திடீர்ப் பயம் வந்து மேல் இலக்கம் 170க்குப் போய் அரை மணித்தியாலத்தில இறங்கினா, ஆரோக்கியமான ஒருத்தருக்கு அதால இதயம் கெட்டுப்போறதில்ல. பயந்த ஆக்கள் மெஷினைப் பார்த்து இன்னும் பயந்து, 5 நிமிசத்துக்கு ஒருக்கா கையில பட்டியைக் கட்டி, ஒவ்வொருக்கா கட்டேக்கையும் இன்னும் ஏறி, விடியப்புறம் 2 மணிக்கு ஓட்டோ பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுறதை நான் பார்த்திருக்கிறன், அங்க போய் கட்டில்ல படுத்து ஈ.சி.ஜி எடுத்து "ஒண்டுமில்ல" எண்டு நேர்ஸ் சொன்ன உடனே பிரஷரும் இறங்கிடும்.

இனி மற்றது, நிரந்தரமா நிக்கிற பிரஷர். இது வருசக் கணக்கு, சத்தம் போடாது. ஆஸ்பத்திரியில வேற வேற நாட்கள்ல பாத்தும் 140/90க்கு மேலயே நிண்டா பிரஷர் வருத்தம் எண்டுதான் எங்கட கிளினிக்குகள்ல எடுக்கிறது, அமெரிக்காக்காரர் 2017ல அதை 130/80க்கு இறக்கினவை, அந்தச் சண்டைக்கு நான் இப்ப போகேல்ல. விசயம் என்னெண்டா, ஒவ்வொரு துடிப்பிலயும் இடது கீழறை அந்தக் கூடின பிரஷரை எதிர்த்துத்தான் வாசலைத் திறந்து ரத்தத்தை வெளிய தள்ளவேணும். ஹாபர்ல வருசக்கணக்கா மாமூட்டை தூக்கினவற்ற கை மாதிரி அந்தத் தசையும் தடிக்கும். அவற்ற கை தடிச்சா பலம், இதயம் இப்பிடித் தடிச்சா பலம் இல்ல. தடிச்ச தசைக்கு ஒட்சிசன் கூட வேணும், ஆனா அதுக்குள்ள ஓடுற நுண்குழாய் அந்த அளவுக்குக் கூடாது, தசைநார்களுக்கு இடையில தழும்பு மாதிரி நார் படியும், அறை விறைக்கும். இதயத்தை ஸ்கான் பண்ணிப் பாக்கிற எக்கோ ரிப்போட்ல எல்.வி.எச் எண்டு மூண்டு எழுத்துப் போட்டிருந்தா இதுதான்.

இந்த இடத்தில எங்கட ஆக்கள் ஒரு இலக்கத்தை வச்சு ஏமாறுறது. எக்கோ எடுத்திட்டு வெளிய வந்த உடனே "பம்பிங் எவ்வளவாம்?" எண்டுதான் எல்லாரும் கேக்கிறது, 60 வீதம் எண்டா "அப்ப பயமில்ல" எண்டு நிம்மதியா வீட்ட போயிடுவினம். 60 எண்டது நல்ல இலக்கம்தான், 55க்கு மேல இருந்தா நோர்மல் எண்டு சொல்லலாம், ஆனா அது வெளிய தள்ளுறதின்ட அளவு மட்டும். உள்ள நிரம்புறது எப்பிடி எண்டதை அந்த இலக்கம் சொல்லாது. இதயத்துக்கு ரெண்டு வேலை, சுருங்கித் தள்ளுறது ஒண்டு, விரிஞ்சு நிரம்புறது மற்றது. பிரஷர் முதல்ல கெடுக்கிறது கூடுதலா ரெண்டாவது வேலையைத்தான். விறைச்ச அறை லேசில விரியாது, நிரம்ப நேரம் எடுக்கும். பம்பிங் 60 எண்டு ரிப்போட்டை வச்சுக்கொண்டே மாடிப்படி ஏற மூச்சு வாங்கி, இரவில ரெண்டு தலகணி வைக்காமப் படுக்க ஏலாம, கால் வீங்கி, இதயச் செயலிழப்பில இருக்கிற ஆக்கள் எவ்வளவோ பேர்.

பயமும் பிரஷரும் சந்திக்கிறதும் இங்கதான். நிமிசத்துக்கு 60 துடிப்பு எண்டா ஒரு துடிப்புக்கு 1 செக்கன், அதில மூண்டில ரெண்டு பங்கு மட்டில இதயம் ஓய்வா இருந்து நிரம்புற நேரம். பயத்தில துடிப்பு 120 ஆனா ஒரு துடிப்புக்கு அரைச் செக்கன்தான், அதில சுருங்குற நேரம் அவ்வளவாக் குறையாது, வெட்டு கூடுதலா விழுறது நிரம்புற நேரத்தில. துடிப்பு இரட்டிக்கேக்க நிரம்புற நேரம் பாதிக்கும் கீழ போயிடும். நல்ல இதயம் சட்டெண்டு விரிஞ்சு அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயும் நிரம்பிடும். விறைச்ச இதயத்தால ஏலாது. நிரம்பாத ரத்தம் பின்னால தேங்கி நுரையீரல்ல பிரஷரை ஏத்தும், மூச்சு முட்டும். மூச்சு முட்டினா யாருக்குத்தான் பயம் வராது, பயம் வந்தா இன்னும் துடிப்பு, இன்னும் மூச்சுமுட்டு. இதை வெளிய இருந்து பாத்தா அச்சொட்டா டென்ஷன் மாதிரியே தெரியும், சுத்தி நிக்கிறவை "யோசிக்காதீங்க அக்கா, பெரிய மூச்சா எடுங்க" எண்டு விசிறிக்கொண்டு நிப்பினம், உள்ளுக்க நுரையீரல்ல தண்ணி கோத்துக்கொண்டு இருக்கும். இன்னொண்டும் இருக்கு, இடது கீழறைத் தசைக்கு ரத்தம் போறதும் பெரும்பாலும் இந்த ஓய்வு நேரத்திலதான், அது சுருங்கேக்க தன்ட குழாயைத் தானே நசுக்குது. அப்ப துடிப்பு கூடேக்க தசைக்கு வேலை கூட, சாப்பாடு குறைய. ஏற்கனவே தடிச்சு, ஒட்சிசன் கூடக் கேக்கிற தசைக்கு இது நடந்தா நெஞ்சு நோகாம இருந்தாத்தான் அதிசயம்.

மேலறைக்கும் ஒரு கதை இருக்கு. விறைச்ச கீழறைக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது மேலறை விரியும், விரிஞ்ச மேலறையில மின்சாரம் குழம்பி, ஒழுங்கில்லாத துடிப்பு வரும், ஏட்ரியல் பிப்ரிலேஷன் எண்டு சொல்றது. இதுவும் முதல்ல படபடப்பாத்தான் தெரியும், அதாலதான் வயசுபோன ஆக்கள்ட படபடப்பை டென்ஷன் கணக்கில எழுதிறது எனக்குப் பிடிக்காது. மேலறை ஒழுங்கா சுருங்காட்டி ரத்தம் அங்க தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனா பாரிசவாதம், இந்தத் துடிப்பு உள்ளவைக்கு அந்த ஆபத்து 5 மடங்கு மட்டில. கையில நாடி பிடிச்சுப் பாத்தாலே பாதி தெரியும். டென்ஷன் துடிப்பு வேகமா இருந்தாலும் சீரா இருக்கும், இது ஒண்டு கிட்ட ஒண்டு தள்ளி, ஒண்டு பலமா ஒண்டு சோர்வா, தாளமே இல்லாம இருக்கும். அப்பிடி இருந்தா நாள் தள்ளாம ஈ.சி.ஜி எடுக்கவேணும்.

பெரிய பயம் ஒரு ஊருக்கே ஒண்டா வந்தா என்ன நடக்கும் எண்டதுக்கும் கணக்கு இருக்கு. 1994 ஜனவரி 17 விடியப்புறம் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சி, அதுக்கு முந்தின நாட்கள்ல திடீர் இதயச்சாவு அந்தக் கவுண்டியில நாளுக்கு சராசரி 4.6 எண்டு இருந்தது, அண்டைக்கு மட்டும் 24. ஆனா அடுத்த 6 நாளும் அந்தக் கணக்கு வழமைக்கும் கீழ இறங்கிட்டுது. அதை வச்சுப் பாத்தா, கெதியில போகக்கூடிய நிலையில இருந்த கொஞ்சப் பேரை அந்தப் பயம் முன்னுக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கு எண்டுதான் நினைக்கத் தோணும். எங்கட பக்கம் பயத்துக்குப் பஞ்சமில்ல. 2004 டிசம்பர் 26ல கிண்ணியா, மூதூர், டச்பே எண்டு கடல் ஏறின இடமெல்லாம் தெரியும், கிண்ணியா ஆஸ்பத்திரியே போனது. 2006ல மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. 2012 ஏப்ரல் 11 சுமாத்ராப் பக்கம் அதிர்ந்து எச்சரிக்கை வந்த நேரம் கரையில இருந்த சனம் பிள்ளைகளையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடினது, அலை வரேல்ல, ஆனா நெஞ்சுக்கு அது தெரியாதே, அது உண்மையான அலைக்கு எப்பிடி அடிக்குமோ அப்பிடித்தான் அடிச்சிருக்கும். இப்பவும் மாரியில கடல் இரைஞ்சா இரவிரவா முழிச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம்.

செத்தவீட்டில மயங்கி விழுற பெண்களைப் பத்தியும் ஒரு வசனம். கவலையில மயங்கிட்டா எண்டு தண்ணி தெளிச்சு எழுப்புறது வழமை, பெரும்பாலும் அது சரிதான். ஆனா 1990ல ஜப்பான்ல டாகோட்சுபோ எண்டு ஒண்டை விவரிச்சிருக்கினம், பெரிய துக்கமோ பயமோ வந்த உடனே இடது கீழறையின்ட நுனி சுருங்காம ஊதிப்போய் நிக்கும், நெஞ்சு நோகும், ஈ.சி.ஜி ஹாட் அட்டாக் மாதிரியே காட்டும், ரத்தப் பரிசோதனையில இதயத் தசை அடிபட்ட அடையாளமும் கூடும், ஆனா குழாயைப் பாத்தா அடைப்பே இருக்காது. வாறது பெரும்பாலும் மாதவிடாய் நிண்ட வயசுப் பெண்களுக்கு. கன பேருக்கு சில கிழமையில இதயம் பழையபடி திரும்பும், சிலருக்கு அந்த முதல் நாட்கள்லயே ஆபத்து. அதால செத்தவீட்டில மயங்கினவ எழும்பி "நெஞ்சு அமத்துது" எண்டு சொன்னா அழுகையோட சேர்த்து விட்டுடாதீங்க.

சரி, டென்ஷன் நிரந்தரப் பிரஷரை உண்டாக்குமா? நேரா "ஓம்" எண்டு சொல்ல நான் தயாரில்ல. பிரஷர் வருத்தம் பெரும்பாலும் பரம்பரை, வயசு, உப்பு, உடம்பு நிறை, உடம்பு அசையாம இருக்கிறது, குடி, இதெல்லாம் சேர்ந்து வாறது. நீண்டகாலப் பதட்டம் உள்ளவைக்கு பிறகு பிரஷர் வாற வாய்ப்பு கொஞ்சம் கூட எண்டு பல ஆய்வுகள் காட்டுது, ஆனா அது கூடுதலா சுத்துவழியில வேலை செய்யுது எண்டுதான் எனக்குப் படுது. பதட்டக்காரர் நித்திரை கொள்ளமாட்டார். இரவில நித்திரையில பிரஷர் 10 முதல் 20 வீதம் இறங்கவேணும், அதுதான் இதயத்துக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு, முழிச்சிருந்து சீலிங்கைப் பாத்துக்கொண்டிருந்தா அந்த இறக்கம் நடக்காது. பிறகு சிகரெட், இல்லாட்டி வெத்திலையோட புகையிலை, பின்னேரம் ஒரு போத்தல், சோத்துக்கு ரெண்டு துண்டு கருவாடும் ஊறுகாயும், உலக சுகாதார நிறுவனம் சொல்ற 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி, மத்தியானச் சாப்பாட்டோடயே முடிஞ்சிடும். 2004ல 52 நாட்டில செய்த இன்டர்ஹாட் ஆய்வு ஹாட் அட்டாக்கின்ட ஆபத்தில பெரும்பங்கை 9 காரணத்துக்குள்ள அடக்கிச்சு, பிரஷரும் அதில ஒண்டு, மன அழுத்தமும் அதில தனி ஒண்டு. இலங்கையும் சேர்ந்த தெற்காசியப் பகுதியில முதல் அட்டாக் வந்த வயசு சராசரி 53, மற்ற இடங்கள்ல 59 மட்டில. 53 எண்டா எங்கட வீடுகள்ல கடைசிப் பிள்ளை இன்னும் ஏ.எல் படிக்கிற வயசு.

பிரஷர் பாக்கிற விதத்திலயே பாதிக் குழப்பம் இருக்கு. மூதூர்ப் பக்கத்தால முதல் பஸ் பிடிச்சு, நிண்டுகொண்டே வந்து, நம்பர் எடுக்க ஓடி, வாங்கில நெருங்கி இருந்து, கிளினிக் கொப்பியைக் கையில வச்சு "என்ட பேர் கூப்பிட்டதோ" எண்டு பக்கத்து அக்காட்ட கேட்டுக்கொண்டு இருந்த ஒரு அம்மா, பேர் கேட்ட உடனே எழும்பிப் போய் இருந்து, இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேல தள்ளி, கால் நிலத்தில படாம, நேர்ஸ் மிஸ்ஸிட்ட மருமகளைப் பத்திக் கதைச்சுக்கொண்டே கையைக் குடுப்பா. 168/98. குளிசை கூடும். அந்த இலக்கத்தில எவ்வளவு அம்மாட, எவ்வளவு பஸ்ட, எவ்வளவு மருமகள்ட? 1983ல இத்தாலியில நாடிக்குள்ளயே குழாய் வச்சு 24 மணித்தியாலம் பிரஷரை அளந்துகொண்டு இருந்த நேரம், டொக்டர் கட்டிலடிக்கு வந்த உடனே மேல் இலக்கம் சராசரியா 27, கீழ் இலக்கம் 15 ஏறினதைக் கண்டவை, டொக்டர் வந்து 4 நிமிசத்துக்குள்ள உச்சம். அதுக்குத்தான் 5 நிமிசம் சும்மா இருக்கவேணும், முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் நிலத்தில, கை நெஞ்சு மட்டத்தில மேசையில, வாய் மூடி, மூத்திரத்தை அடக்காம, தேத்தண்ணியும் சிகரெட்டும் அரை மணித்தியாலத்துக்கு முன்னம் நிப்பாட்டி. மொத்தமான கைக்கு சின்னப் பட்டி கட்டினாலும் கூடத்தான் காட்டும். வீட்டில கை மெஷின் இருந்தா ஒரு கிழமை காலையும் பின்னேரமும் ரெண்டு ரெண்டு தரம் பாத்து எழுதிக்கொண்டு போங்க, வீட்டுக் கணக்கில 135/85தான் எல்லை. இந்த ரெண்டு வேளையை விட்டு எந்த நேரமும் மெஷினைக் கட்டாதீங்க, பதட்டக்காரருக்கு அந்த மெஷினே ஒரு வருத்தம்.

இதில மறுபக்கமும் இருக்கு. ஆஸ்பத்திரியில மட்டும் ஏறுற பிரஷரை "அது டொக்டரைக் கண்ட பயம்" எண்டு வீசிவிடக் கூடாது, அப்பிடியான ஆக்கள்ல கொஞ்சப் பேருக்கு பிறகு நிரந்தரமாவே வரும். ஆஸ்பத்திரியில நல்லா இருந்து, வேலையிடத்தில, கடன் வீட்டில, இரவு வலை போடேக்க ஏறுற பிரஷரும் இருக்கு. இது இன்னும் மோசம், ஏனெண்டா யாரும் காணமாட்டினம். 24 மணித்தியாலம் கட்டிவிடுற மெஷின்தான் இதைப் பிடிக்கும்.

குளிசைக்கு வருவம். மேல் இலக்கம் 10 குறைஞ்சா பாரிசவாதம் 27 வீதமும் இதயச் செயலிழப்பு 28 வீதமும் குறையுது எண்டு 2016ல கன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னவை. இவ்வளவு மலிவான குளிசைக்கு இவ்வளவு பலன் வேற எங்க கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியேல்ல. பிரஷர் நல்லா இறங்கினா தடிச்ச தசை கூட மாதக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமா மெலியும், லொசாட்டான், எனலாப்பிரில் மாதிரியான குளிசைகள் அதில கெட்டி. யோசனை தீர்ந்தது எண்டு குளிசையை விட்டா அந்த மெலிவும் நிண்டிடும். அம்லோடிப்பின் போட்டா சிலருக்கு முகம் சூடாகி நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், கால் வீங்கும், எனலாப்பிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், இதைப் புது வருத்தம் எண்டு பயந்து விடுறவை கூட. விடாதீங்க, போய்ச் சொன்னா மாத்தித் தருவினம். அட்டினலோல், புரோபிரனலோல் மாதிரி பீட்டா புளொக்கர் அட்ரினலினை இதயத்தில வேலை செய்ய விடாமத் தடுக்கிற சாமான், 1960கள்ல இதைக் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல் குடுத்தது. துடிப்பைக் குறைச்சு நிரம்ப நேரம் குடுக்கும், கை நடுக்கத்தையும் அடக்கும், அதால இன்ரவியூ, மேடை எண்டு பயந்தவை கூட்டாளிட்ட ஒண்டு வாங்கிப் போடுறதும் நடக்குது. முட்டு (ஆஸ்துமா) இருக்கிறவர் அதைப் போட்டா மூச்சுக்குழாய் இறுகும், இன்சுலின் போடுறவருக்கு சீனி இறங்குறது தெரியாமப் போகும், தொடர்ந்து போட்டவர் சட்டெண்டு நிப்பாட்டினா இதயம் திருப்பி அடிக்கும். மூட்டு நோவுக்கு பார்மசியில சும்மா வாங்கிப் போடுற டைக்குளோபெனாக்கும் பிரஷரை ஏத்தும், அதை யாரும் கணக்கில எடுக்கிறேல்ல.

பதட்டத்துக்கு மருந்து எடுக்க வெக்கப்படுறதுதான் எனக்கு விளங்காதது. சீனிக்கு கிளினிக் போறம், பிரஷருக்குப் போறம், மனநலக் கிளினிக் எண்டா தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினம் எண்டு மதில் ஓரத்தால போறம். 1926க்கு அடிச்சா வீட்டில இருந்தே கதைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். மூச்சையும் சும்மா எண்டு நினைக்காதீங்க, நிமிசத்துக்கு 6 தரம் மட்டில மெதுவா எடுத்து, விடுற மூச்சை நீட்டி விட்டா, மூளையில இருந்து இதயத்துக்கு வாற வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் பிடிச்சு இழுக்கும், துடிப்பு இறங்கும். பெரிய பெரிய மூச்சா அவசரமா எடுத்தா எதிர்மாறு, ரத்தத்தில காபனீரொக்சைட்டு குறைஞ்சு விரல் விறைக்கும், வாயைச் சுத்திக் கூசும், தலை சுத்தும், அதோட "எனக்கு ஏதோ நடக்குது" எண்ட பயம் இரட்டிக்கும்.

பேனிக்கா ஹாட் அட்டாக்கா எண்டு வீட்டில இருந்து பிரிக்க வெளிக்கிடாதீங்க. பேனிக் பெரும்பாலும் 10 நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அரை மணித்தியாலத்துக்குள்ள தணியும், அட்டாக் நெஞ்சுக்கு நடுவில அமத்திப் பிடிச்சு இடது கை, தாடை, முதுகு எண்டு பரவி வேர்த்துக் கொட்டும், புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கும். சீனி வருத்தக்காரருக்கும் கன பெண்களுக்கும் நோவே இல்லாம, மூச்சு வாங்குறதும் ஓங்காளமும் களைப்புமாத்தான் வரும். எங்கட வீடுகள்ல முதல் ஒரு மணித்தியாலம் "கேஸ்", அதாவது வாயு, எண்டே போயிடும், இஞ்சி பிளேன்டீ, ஓமத்தண்ணி, நெஞ்சில சித்தாலேப, அதுக்குப் பிறகுதான் யாரோ ஒரு மாமா "எதுக்கும் கொண்டு போவம்" எண்டுவார். தசை செத்துக்கொண்டு போற நேரம் அது. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. ஈ.சி.ஜியும், இதயத் தசை அடிபட்டதைக் காட்டுற ட்ரோப்பொனின் எண்ட ரத்தப் பரிசோதனையும் பாத்து "டென்ஷன்தான்" எண்டு அவை சொன்னா, அப்ப நம்புங்க.

அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க, பிரஷர் கன வருசமா இருக்கு, படபடப்பும் இருக்கு எண்டா, எக்கோவில இடது கீழறைச் சுவர் தடிச்சிருக்கா, மேலறை விரிஞ்சிருக்கா, நிரம்புறது எப்பிடி இருக்கு எண்டு கேளுங்க, பம்பிங்கை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. பிரஷர் இல்லாம படபடப்பு மட்டும் இருக்கிற ஆக்கள் தைரொயிட்டும் ஹீமோகுளோபினும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க, தைரொயிட் கூடினாலும் ரத்தம் குறைஞ்சாலும் இதே மாதிரித்தான் நெஞ்சு இடிக்கும், அதை டென்ஷன் எண்டு வருசக்கணக்கா சுமந்துகொண்டு திரியிற பிள்ளைகளும் இருக்கினம்.